ஆங்கில மேடைப்பேச்சு வகுப்பை ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆங்கிலம் நடத்தும் ஐந்து பேர். மூன்று பேர் ஒரே துறை, இரண்டு பேர் வேறு கல்லூரிகள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மேடையேறிப் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளை நான்கு வருடமாகச் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிடுகிறோம். இதைக் கேள்விப்பட்ட மற்றக் கல்லூரி ஆசிரியர்கள் போன் செய்து கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எழுதியது நான், மற்ற நால்வரும் படித்துத் திருத்தினார்கள். எங்களுக்குள் கருத்து ஒத்துப்போகாத இடங்களை மறைக்கவில்லை.

சேர்ந்து திட்டமிடுவது என்றால் என்ன? லெசன் பிளானை ஒருவர் எழுத, மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதா?

இல்லை. ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். அந்த 50 நிமிடத்தில் பிள்ளைகள் என்ன செய்வார்கள், எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று ஐந்து பேரும் யோசிப்போம். முதலில் ஒருவர் தன் வகுப்பில் அதை நடத்துவார். முடிந்தால் இன்னொருவர் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அடுத்த முறை கூடும்போது, பார்த்ததை வைத்துப் பாடத்தை மாற்றுவோம். மாற்றிய பாடத்தை அடுத்தவர் தன் வகுப்பில் நடத்துவார்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானியப் பள்ளி ஆசிரியர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இப்படிச் செய்துவருகிறார்கள். அங்கே இதற்கு ஜுக்யோ கென்க்யூ என்று பெயர், பாட ஆய்வு என்று சொல்லலாம். 1990களின் கடைசியில் கணக்குப் பாடத்தின் வழியாகத்தான் வெளியுலகம் இதை அதிகம் அறிந்துகொண்டது. பேச்சு வகுப்புக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். கணக்கில் பிள்ளை செய்த தப்பு நோட்டில் இருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தலாம். பேச்சு காற்றோடு போய்விடும். அந்த நேரத்தில் அங்கே இருந்து பார்த்தவர் சொன்னால்தான் உண்டு.

ஆளுக்கொரு யூனிட் பிரித்து, பிபிடி தயாரித்துப் பகிர்ந்துகொள்கிறோம். அது போதாதா?

வேலைச்சுமை குறையும். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். முதல் வருடம் நாங்களும் அதைத்தான் செய்தோம்.

இரண்டாவது வருடம் என் வகுப்பில் சக ஆசிரியை ஒருவர் பின்னால் வந்து உட்கார்ந்தார். அன்று ஒன்பது பேர் மேடையேறிப் பேசினார்கள். வகுப்பு நன்றாகப் போனது என்ற திருப்தியோடுதான் ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பினேன். அவர் தன் நோட்டைக் காட்டினார். பேசிய ஒன்பது பேரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றுதான் எழுதியிருந்தார். அடுத்துப் பேச இருந்தவர்கள் தாளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்தவர்கள் தப்பித்தோம் என்று தலை கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது வரிசை முழுக்க வேறு பாடத்தின் ரெக்கார்ட் நோட்டு எழுதியது. அன்று அந்தப் பேச்சுகளைக் கேட்டது நானும் அவரும் மட்டுமே.

எட்டு வருடம் பாடம் நடத்திய எனக்கு அது தெரியவில்லை. முன்னால் நிற்பவரின் கண் பேசுகிற பிள்ளை மேல்தான் இருக்கும். நான் தயாரித்த பிபிடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைச் சரிசெய்திருக்காது. அன்றிலிருந்து எங்கள் திட்டத்தில் முதலில் எழுதுவது கேட்பவர்களின் வேலையைத்தான். ஒருவர் பேச 59 பேர் கேட்கும் வகுப்பில், பாடத்தின் பெரும்பகுதி அந்த 59 பேருக்கு உரியது.

எத்தனை பேர் வேண்டும்? எங்கே, எப்போது கூடுவது?

மூன்று பேர் போதும். ஆறு பேருக்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும், திட்டம் நடக்காது. நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம் கூடுகிறோம். மண்டபத்திலிருந்து வருபவருக்கும் கீழக்கரையிலிருந்து வருபவருக்கும் ராமநாதபுரம்தான் பஸ்ஸுக்குத் தோது. வாட்ஸ்அப்பில் திட்டமிட்டுப் பார்த்தோம். எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள், யாரும் மறுத்துப் பேசவில்லை. அதனால் அதை விட்டுவிட்டோம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன பேசுவீர்கள்?

முதலில் போன பாடம். நடத்தியவர் தன் மனதில் பட்டதைச் சொல்வார், பார்த்தவர் அப்புறம் சொல்வார். இந்த வரிசை முக்கியம். பார்த்தவர் முதலில் பேசினால் நடத்தியவர் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

அடுத்து, வரப்போகும் பாடம். முடியும்போது பிள்ளைக்கு எது கைவந்திருக்க வேண்டும், எங்கே தடுமாறுவார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கையில் என்ன வேலை இருக்கும், பார்க்க வருபவர் எதைக் கவனிக்க வேண்டும். இவற்றில் கேட்பவர்களின் வேலைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'ஒரு வேலையை எப்படிச் செய்வது' என்று விளக்கும் மூன்று நிமிடப் பேச்சு. எல்லாப் பாடத்திட்டத்திலும் ஏதோ ஒரு பெயரில் இது இருக்கும். பாடப் புத்தகத்து உதாரணம் டீ போடுவது. எங்களில் ஒருவர், 'டீ போடுவது கேட்கிற எல்லோருக்கும் தெரியும், பிறகு எதற்குக் கேட்பார்கள்?' என்றார். அதனால் வீட்டில் கையால் செய்யும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். தடுமாறும் இடம் என்று இரண்டை ஊகித்தோம். ஒன்று, எல்லா வாக்கியத்தையும் 'தென்', 'ஆஃப்டர் தட்' என்றே கோப்பார்கள். இன்னொன்று, பொருள்களுக்கு ஆங்கிலப் பெயர் தேடித் திணறுவார்கள். இரண்டாவதற்கு ஒரு வழி வைத்தோம்: தமிழ்ப் பெயரையே சொல், உடனே அது என்ன என்று ஒரு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் விளக்கு. கேட்பவர்கள் படிகளை எண் போட்டு எழுத வேண்டும். பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுதியதை வாசிக்க, பேசியவர் சரிபார்ப்பார்.

கீழக்கரைப் பெண் ஒருத்தி தொதல் என்ற இனிப்பைச் செய்வதைச் சொன்னாள். தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி எல்லாம் வந்தது. எழுதியதை வாசித்தபோது பாதிப் பேருக்கு ஐந்தாவது படி இல்லை. எவ்வளவு நேரம் கிண்ட வேண்டும், பதம் வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவள் சொல்லவே இல்லை. அவள் கை அறிந்த விஷயம், அதனால் வாய்க்கு வரவில்லை. அடுத்தவர் நடத்தும்போது பாடத்தை மாற்றினோம்: பேச்சுக்குப் பிறகு கேட்பவர்களிடமிருந்து இரண்டு கேள்வி கட்டாயம். மூன்றாவது வகுப்பில் பாம்பன் பையன் ஒருவன் கிழிந்த வலையைக் கட்டுவது பற்றிப் பேசினான். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. உன் முன்னால் இருப்பது யார் என்று பார்த்துப் பேசு என்ற பாடம் அங்கேயே பிறந்தது. அடுத்த பாடமாக அதையே வைத்துக்கொண்டோம்.

வகுப்பில் 60 பேர். எல்லோரையும் எப்படிப் பேசவைக்க முடியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 180 நிமிடம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து பீரியட். செமஸ்டருக்கு மூன்று பேச்சு என்றால் 15 பீரியட், அதில் ஒரு பிள்ளை வாய் திறப்பது மொத்தம் ஒன்பது நிமிடம். இப்படி நடத்தினால் சிலபஸும் முடியாது, பேச்சும் வராது.

அதனால் ஆறு பேர் கொண்ட பத்துக் குழு. வகுப்பறை, வராந்தா, வேப்ப மரத்தடி என்று பிரித்துவிடுவோம். மூன்று நிமிடப் பேச்சு, இரண்டு நிமிடம் கேட்டவர்கள் கருத்து. ஆறு பேருக்கு 30 நிமிடம். ஒரே பீரியடில் 60 பேரும் பேசிவிடுகிறார்கள். ஆசிரியரால் இரண்டு மூன்று குழுவைத்தான் கேட்க முடியும், அது உண்மை. அதனால்தான் கேட்பவர்களின் வேலை இவ்வளவு முக்கியமாகிறது.

அந்த வேலைகளை டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம். 1924இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய பேச்சுப் பயிற்சிக் கழகம் அது. அங்கே ஒருவர் நேரம் பார்ப்பார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் காட்டுவார். ஒருவர் 'ஆ', 'உம்' போன்ற இழுவைகளை எண்ணுவார். ஒருவர் மொழியைக் கவனிப்பார். ஒருவர் மொத்தப் பேச்சையும் மதிப்பிடுவார். குழுவில் மீதம் இருக்கும் ஐந்தாவது ஆளுக்கு நாங்கள் வைத்த வேலை: பேச்சின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுது. அதை எழுத முடியாவிட்டால் பேசியவர் திரும்ப யோசிக்க வேண்டும்.

இன்னொரு நல்ல பயிற்சி 4/3/2. மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் 1980களில் எழுதிப் பரவலானது. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், வேறொருவரிடம் மூன்று நிமிடம், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்பவர் புது ஆள் என்பதால் சலிப்பு வராது. சொல்பவருக்குச் சொற்கள் கைக்குள் வந்துவிடும். மூன்றாவது சுற்றில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், முதல் சுற்றில் தேடிய சொல் தானாக வந்து விழுந்த ஆச்சரியம் அதில் தெரியும்.

முடிந்தால் மே மாதமே டைம்டேபிள் போடுபவரிடம் பேசி, இரண்டு செக்‌ஷனின் பேச்சு வகுப்பை ஒரே ஹவரில் வாங்கிவிடுங்கள். பாதிப் பிள்ளைகளை மாற்றி உட்கார வைத்தால் இருவருக்கும் புது அவை கிடைக்கும். சேர்ந்து திட்டமிடுவதால் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான், செலவு எதுவும் இல்லை.

பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. பயத்தை எப்படிப் போக்குவது?

அயல்மொழி வகுப்பில் வரும் பயத்தைத் தனியாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். எலைன் ஹார்விட்ஸும் அவருடைய சகாக்களும் 1986இல் அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். நாங்கள் அதன் போக்கில் ஐந்தாறு எளிய வாக்கியங்களைத் தமிழில் எழுதி முதல் வாரம் கொடுப்போம், பெயர் போட வேண்டாம். ஆசிரியர் திருத்துவார் என்ற பயத்தைவிடப் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான் எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம். ஐந்து வகுப்பிலும் அதே நிலைமை. அதனால் ஐந்து பேரும் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: முதல் மாதம் யாரையும் முழு வகுப்பின் முன்னால் நிறுத்துவதில்லை. முதலில் இரண்டு பேர், அப்புறம் ஆறு பேர், பிறகு 12 பேர். ஹால் கடைசியில்தான்.

இன்னொன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியாது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வதை நிறுத்த வேண்டும். குர்ஆன் ஓதிப் பழகிய பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது, எங்கே சேர்த்து ஓதுவது என்பது சின்ன வயதிலிருந்தே பழக்கம். தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ சர்ச் பூசையில் பைபிள் வாசகம் வாசித்த பிள்ளை நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் மைக்கில் வாசித்திருக்கிறது. அப்பா மீன் ஏலம் கூறுவதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, கூட்டத்தில் யார் கண் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரியும். அந்தத் திறமை எல்லாம் இருக்கிறது. ஆங்கிலம் என்றதும் அதைச் செருப்போடு வாசலில் கழற்றிவைத்துவிட்டு வருகிறார்கள். முதல் வகுப்பில் 'இதுவரை எங்கே, யார் முன்னால் சத்தமாகப் பேசியிருக்கிறாய்?' என்று தமிழிலேயே கேளுங்கள்.

தமிழை அனுமதிக்கலாமா?

யோசிப்பதற்கும் திட்டமிடுவதற்கும் தாராளமாக. மேடையில் ஆங்கிலம். பக்கத்துப் பிள்ளையிடம் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பேசியவர்களுடைய பேச்சில் விஷயம் இருக்கிறது. நேராக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தவர்களுடைய பேச்சு கட்டுரை மாதிரி இருக்கிறது. எங்களில் ஒருவர் இதை ஏற்பதில்லை. ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே என்பது அவர் கருத்து. அவர் வகுப்பில் அவர் வழி நடக்கிறது.

எல்லாப் பேச்சும் 'ரெஸ்பெக்டட் பிரின்சிபல், குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல்' என்றுதான் தொடங்குகிறது. மனப்பாடத்தை எப்படி உடைப்பது?

அந்த வாக்கியத்தைத் திட்டாதீர்கள். பயந்த பிள்ளைக்கு அது கைப்பிடிச் சுவர். அதை எடுத்துவிட்டால் வேறு பிடிமானம் கொடுக்க வேண்டும்.

நாங்கள் அதற்கு ஒரு தனிப் பாடமே வைத்தோம். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடிந்து பாம்பனில் வந்து இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். குந்துகாலில் அதன் நினைவாக மண்டபம் இருக்கிறது, நிறையப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் அவர் 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்று தொடங்கியதும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளிடம் நாங்கள் கேட்டது, முன்பின் தெரியாத அந்த அவையை அவர் ஏன் அப்படி அழைத்தார் என்று. பிறகு ஆளுக்கொரு சீட்டு: மீனவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டம், பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் வடநாட்டு யாத்திரிகர்கள், ஆறாம் வகுப்புக் குழந்தைகள், வங்கி நேர்காணல். இவர்களை நீ எப்படி அழைப்பாய்? முதல் இரண்டு வாக்கியம் மட்டும் சொல். அந்த ஒரு பீரியடுக்குப் பிறகு 'ஒன் அண்ட் ஆல்' பாதியாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

சாட்ஜிபிடி எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்களே?

ஆமாம். தடை போட்டுப் பயனில்லை. அவர்களுக்கு மட்டுமே தெரிந்த தலைப்பைக் கொடுங்கள், தயாரிப்பை வகுப்பிலேயே வாய்மொழியாக நடத்துங்கள், பேச்சுக்குப் பின் கேள்வி கட்டாயம் என்று வையுங்கள். ஒப்பித்தவர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். அவரைக் கேலி செய்யாமல், அந்தப் பதிலிலிருந்து பேச்சைத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் தலைப்புகளை எங்கிருந்து எடுப்பது?

சுற்றிப் பார்த்தாலே கிடைக்கும். மன்னார் வளைகுடாவில் அம்மாக்கள் பாசி எடுப்பது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஒரு வீடு எப்படி நடக்கிறது, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் நடுப்பகுதி எப்படி மேலே எழும்புகிறது, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னது. பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டுவந்து பேசும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடிப்பதைப் பொதுத் தலைப்பாகக் கொடுக்காதீர்கள். அப்பாவோ அண்ணனோ அங்கே சிறையில் இருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அந்தப் பிள்ளை தானாகப் பேச விரும்பினால் நேரம் பார்க்காமல் விடுங்கள். அன்று பச்சை, மஞ்சள், சிவப்பு எதுவும் வேண்டாம்.

உச்சரிப்பில் எவ்வளவு திருத்துவது?

முதலில் நாங்கள் ஐந்து பேரும் ஐந்து விதமாகத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒருவர் 'ஒன்லி', 'எக்' என்பவற்றை 'வோன்லி', 'யெக்' என்று சொல்வதை. இன்னொருவர் ப, ஃப குழப்பத்தை. மற்றொருவர் அமெரிக்க உச்சரிப்பு வரவில்லை என்பதை. பிள்ளை யார் சொல்வதைக் கேட்கும்? உட்கார்ந்து பேசி, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒன்று நிறுத்தம். எழுதிய தாளில் மூச்சு விடும் இடங்களில் கோடு போட்டுப் பழக்குகிறோம். வேகமாக ஓடும் பேச்சைச் சரிசெய்ய இதுவே போதும். இரண்டாவது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கி நிற்கும். 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசை, 'போட்டோகிராஃபி' என்றால் இரண்டாவது. கையைத் தட்டிக் காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள். யாருடைய தமிழ் வாடையையும் நாங்கள் துடைக்க முயல்வதில்லை.

மார்க் போடுவதில் ஒற்றுமை எப்படி வரும்?

எங்கள் குழு உடையும் நிலைக்குப் போனது இதில்தான். ஒரு மாணவரின் மூன்று நிமிடப் பேச்சை அவர் அனுமதியோடு போனில் பதிவுசெய்து, ஐந்து பேரும் தனித்தனியாக 10க்கு மார்க் போட்டோம். 4 போட்டவர் இருந்தார், 8 போட்டவரும் இருந்தார். 4 போட்டவர் 'ஹீ கோ' என்று வந்த இடங்களை எண்ணியிருந்தார். 8 போட்டவர், அந்தப் பையன் தாத்தாவின் வல்லத்தை, அதாவது மீன்பிடிப் படகைப் பற்றிச் சொன்னதில் கரைந்துபோயிருந்தார். இருவரும் நேர்மையாகத்தான் போட்டார்கள். ஆனால் எந்த செக்‌ஷனில் இருக்கிறான் என்பதை வைத்து ஒரு பிள்ளையின் இன்டர்னல் மார்க் இவ்வளவு மாறலாமா? அது அநியாயம். அந்த அநியாயத்தை நாங்கள் வருடக்கணக்காகத் தெரியாமல் செய்திருக்கிறோம்.

இரண்டு சனிக்கிழமை வாக்குவாதத்துக்குப் பிறகு வந்த பிரிப்பு இது: கேட்பவர் பின்தொடரும்படியான அமைப்புக்கு 3, சொந்த விஷயத்துக்கு 3, குரல், பார்வை, நிறுத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2, மொழிக்கு 2. மொழிக்கு 2 மட்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். இலக்கணத்துக்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது. பேச்சு வகுப்பிலும் அதற்கே மார்க் குறைத்தால், தப்பு வராமல் இருக்கப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எங்களில் ஒருவர் இன்றுவரை 3 கேட்கிறார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

செமஸ்டருக்கு இரண்டு முறை ஒரே பதிவைக் கேட்டு மார்க் போட்டுப் பார்க்கிறோம். இரண்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் பேசுவோம். பதிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: வீடியோ எடுப்பதைப் பல வீடுகளில் விரும்ப மாட்டார்கள், அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் குரல் மட்டும் பதிவுசெய்து, கூட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அழித்துவிடுவோம்.

சீனியர் பேராசிரியர் சொல்வதுதான் கடைசியில் நடக்கிறது. என்ன செய்வது?

சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் யோசனையை முதலில் தாளில் எழுதி நடுவில் வைத்த பிறகு பேச்சைத் தொடங்கினால், யார் யோசனை என்பதைவிட எந்த யோசனை என்பது முன்னால் வரும்.

கௌரவ விரிவுரையாளர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் குறைவு, அடுத்த வருடம் இருப்போமா என்பது நிச்சயமில்லை. திட்டம் எழுதுவது, டைப் செய்வது, ஃபைல் போடுவது எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு அதற்குக் கூட்டுத் திட்டம் என்று பெயர் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது சுரண்டல். எங்களிடம் எழுதும் வேலை முறை வைத்து மாறும், நிரந்தரப் பணியில் இருப்பவர்களிடமிருந்து தொடங்கும். நாங்கள் வைத்திருக்கும் நல்ல பாடங்களில் பாதி, எங்கள் ஐவரில் கௌரவ விரிவுரையாளர்களாக இருக்கும், வயதில் இளைய இருவர் யோசித்தவை.

என் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்தால் எனக்கே நாக்கு உலர்கிறது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வருபவர் உங்களைப் பார்க்க வரவில்லை, பிள்ளைகளைப் பார்க்க வருகிறார் என்பதை வார்த்தையில் மட்டும் அல்லாமல் உட்காரும் இடத்திலும் காட்ட வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும், உங்கள் முகம் அவருக்கு நேராக இருக்கும். இப்போது பக்கவாட்டு ஜன்னலோரம் உட்காருகிறோம். மூன்று பிள்ளைகளை மட்டும் முன்பே தேர்ந்து, அந்த மணி நேரம் முழுக்க அவர்களை மட்டும் கவனிக்கிறோம். குறிப்பு துறைத் தலைவருக்கோ, கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் ஃபைலுக்கோ போகாது. இந்த உறுதி இல்லாமல் யாரையும் வகுப்புக்குள் விடாதீர்கள்.

செமஸ்டர் நாள்காட்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெளியூர் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் தீவுப் பிள்ளைகள் பலர் வர மாட்டார்கள், வந்தாலும் மனம் வீட்டில் இருக்கும். ஆடி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏற முடியாது. ஏர்வாடி சந்தனக்கூடு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, ரமலான் நோன்பு எல்லாவற்றையும் ஜூனிலேயே தாளில் குறித்துக்கொள்கிறோம். நோன்பு நாட்களில் மதியத்துக்குப் பிறகு பேச்சு வைப்பதில்லை. தொண்டை காய்ந்த பிள்ளையிடம் குரலுக்கு மார்க் போடுவது எந்த ஊர் நியாயம்? மார்க் உள்ள பேச்சுகளை மார்ச்சுக்குள் முடித்துவிடுகிறோம். ஏப்ரல் நடுவில் தடைக்காலம் தொடங்கினால் வீட்டில் வருமானம் நின்றுவிடும், பையன்கள் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் இரண்டு கல்லூரிக்கும் சிலபஸ் வேறு. சேர முடியுமா?

முடியும். இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, ஆனாலும் பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களும் எங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யூனிட் பெயர்தான் வேறு. பிள்ளை தடுமாறும் இடம் எல்லா இடத்திலும் ஒன்றே.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதல் கூட்டத்துக்கு லெசன் பிளான் எதுவும் வேண்டாம். ஒரு பிள்ளையின் பேச்சுப் பதிவு, ஆளுக்கொரு தாள், பேனா. ஒருமுறை கேட்டு மார்க் போட்டுத் தாளைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு இன்னொரு முறை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாக உங்களை நினைத்துக்கொண்டு கேளுங்கள். எந்த இடத்தில் கவனம் விலகியது என்று தாளின் பின்பக்கம் எழுதுங்கள். அப்புறம் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே இடத்தைக் குறித்திருந்தால் அந்த இடத்துக்கு ஒரு பாடம் எழுதத் தொடங்கலாம். வேறு வேறு இடம் என்றால் அன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுங்கள், பாடம் அடுத்த சனிக்கிழமைக்கு இருக்கட்டும்.